அரசின் பணம் பங்குச்சந்தைக்கு வரும்போது: அது அரசா, முதலீட்டாளரா?

நெடுங்கணக்கன்

2021 அக்டோபரில் சவுதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் (பி.ஐ.எஃப்.) தலைமையிலான குழு இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட் கால்பந்துக் கழகத்தை ஏறத்தாழ 30.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. சவுதி அரசு கழகத்தைக் கட்டுப்படுத்தாது என்று சட்டப்படி செல்லுபடியாகும் உறுதிமொழி பெற்றுவிட்டதாகப் பிரீமியர் லீக் அறிவித்தது. நிதியம் வேறு, அரசு வேறு என்று உலகம் நம்ப வேண்டுமாம்.

2023 தொடக்கத்தில் லிவ் கோல்ஃப் வழக்கு: அந்த நிதியத்தின் பணத்தில் தொடங்கிய லிவ் போட்டித்தொடருக்கும் அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூர் அமைப்புக்கும் இடையே. கலிபோர்னியாவில் எதிர்த்தரப்பு ஆவணங்களைக் கேட்டது. அப்போது அதே நிதியமும் அதன் ஆளுநர் யாசிர் அல்-ருமய்யானும் நீதிமன்றத்தில் சொன்னது என்ன? நாங்கள் சவுதி அரசின் அங்கம், எங்கள் ஆளுநர் அரசின் அமைச்சரும்கூட, ஆகவே அயல் நீதிமன்றம் விசாரிக்க முடியாதபடி இறையாண்மைக்கு உரிய சட்ட விலக்கு எங்களுக்கு உண்டு என்றார்கள்.

கழகத்தை வாங்கும்போது அரசு இல்லை, கேள்வி கேட்டால் அரசு. இப்படி அரசின் உபரிப் பணத்தை முதலீடு செய்யும் இறையாண்மை நிதியங்கள் பற்றிய ஒழுங்குமுறை விவாதத்தை இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. 2007 முதல் உலகம் கேட்டுக்கொண்டிருப்பது "இந்தப் பணத்துக்கு அரசியல் நோக்கம் உண்டா?" என்ற கேள்வியைத்தான். நோக்கத்தை எந்த அதிகாரியாலும் அளக்க முடியாது. எந்தச் சலுகையை எந்தப் பெயரில் வாங்கினாய் என்று கேட்டால் பதில் ஏட்டில் இருக்கும். ஒரு நாட்டுக்குள் நுழையும்போதே நிதியம் தன்னை இன்னது என்று பதிவு செய்ய வேண்டும், பிறகு மாற்றிப் பேசக் கூடாது. என் கோரிக்கை இவ்வளவுதான். நண்பர்கள் அடித்து நொறுக்கலாம்.

தரகுத்தெரு

ஐயா, எடுத்த எடுப்பில் சவுதியைப் பிடித்துக்கொண்டால் எல்லா நிதியமும் பூதமாகத்தான் தெரியும். நார்வேயைப் பாருங்கள். உலகில் பட்டியலிடப்பட்ட பங்குகளில் சராசரியாக 1.5 விழுக்காடு அவர்கள் கையில் இருக்கிறது, ஆயிரக்கணக்கான நிறுவனங்களில். எந்தப் பங்கு எவ்வளவு என்பது இணையத்தில் இருக்கிறது. அவர்களிடம் போய் "நீ அரசா, முதலீட்டாளரா, படிவத்தை நிரப்பு" என்பதால் யாருக்கு என்ன லாபம்?

இன்னொன்று. 2007 கடைசியில் அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகள் தள்ளாடியபோது காசு கொடுத்தது யார்? சிட்டி குழுமத்துக்கு அபுதாபி முதலீட்டு ஆணையம் 750 கோடி டாலர். மார்கன் ஸ்டான்லிக்குச் சீனாவின் சி.ஐ.சி. 500 கோடி டாலர். யு.பி.எஸ். வங்கிக்குச் சிங்கப்பூரின் ஜி.ஐ.சி. 1,100 கோடி சுவிஸ் பிராங்க். மெரில் லிஞ்சுக்குச் சிங்கப்பூரின் இன்னொரு நிதியமான டெமாசெக். அந்த மாதங்களில் வாஷிங்டன் அந்தப் பணத்தைத் தடுக்கவில்லை. பணம் வந்தால் போதும் என்று நின்றார்கள். அந்த முதலீடுகளில் பலவும் கடும் நட்டம். அபுதாபி, தான் ஏமாற்றப்பட்டதாகச் சொல்லி சிட்டி மீது நடுவர் மன்றம் போய் அங்கும் தோற்றது. சதி செய்பவன் இவ்வளவு மோசமாகவா பங்கு வாங்குவான்?

வழக்கறிஞர் அகல்யா

தரகுத்தெரு அவர்கள் தொகையைச் சொன்னார், விழுக்காட்டை விட்டுவிட்டார். சிட்டியில் அபுதாபி எடுத்தது 4.9. மார்கன் ஸ்டான்லியில் சீனா எடுத்தது 9.9. அமெரிக்கச் சட்டத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டினால் பங்குச்சந்தை ஆணையத்திடம் தனி அறிக்கை தர வேண்டும். 10 விழுக்காட்டைத் தொட்டால் அந்நிய முதலீட்டைப் பரிசீலிக்கும் சிஃபியஸ் குழுவின் பார்வை கடுமையாகும். இரண்டு கோட்டுக்கும் ஒரு முடி கீழே நின்றிருக்கிறார்கள். தவறு என்று சொல்லவில்லை, நானாக இருந்தாலும் கட்சிக்காரருக்கு அதே அறிவுரைதான் தருவேன். ஆனால் விழுக்காட்டை மட்டும் வைத்து எழுதிய விதி என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

லிவ் வழக்கைப் பற்றி: நெடுங்கணக்கன் சொன்னது பாதிக் கதை. வணிகச் செயலில் இறங்கிய அரசுக்கு விலக்கு கிடையாது என்று அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, பிரிட்டனின் 1978 சட்டமும் அப்படியே. அந்த அடிப்படையில்தான் 2023 பிப்ரவரியில் நீதிமன்றம் பி.ஐ.எஃப். வாதத்தை நிராகரித்து ஆவணங்களைத் தரச் சொன்னது. நிதியம் மேல்நடவடிக்கைக்குப் போனது. அதற்குள் ஜூனில் இரு தரப்பும் கைகுலுக்கி வழக்கையே முடித்துக்கொண்டன. சட்டம் இருக்கிறது, அது வேலை செய்து முடிப்பதற்குள் பணம் உள்ள தரப்பு மேசையை மாற்றிவிடுகிறது.

வேலு_திருமங்கலம்

தெரியாமல்தான் கேட்கிறேன். ரிசர்வ் வங்கியிடம் இருக்கும் அந்நியச் செலாவணிக் கையிருப்பும் இதுவும் ஒன்றா? ஓய்வூதிய நிதியும் இதில் சேருமா?

நெடுங்கணக்கன்

வேலு தம்பி, கையிருப்பு என்பது ரூபாய் ஆட்டம் காணும்போது எடுத்து வீசுவதற்கு. உடனே காசாக வேண்டும், ஆகவே பெரும்பாலும் அரசுக் கடன் பத்திரங்களிலும் தங்கத்திலும் இருக்கும். இறையாண்மை நிதி என்பது அவசரமில்லாத பணம். எண்ணெய் விற்ற காசு, ஏற்றுமதி மிச்சம் இப்படி. பங்கு, கட்டடம், துறைமுகம், கால்பந்துக் கழகம் எதிலும் போகும். குவைத் 1953இலேயே லண்டனில் வாரியம் அமைத்துத் தொடங்கிவிட்டது. பசிபிக் தீவான கிரிபாட்டி 1956இல், பாஸ்பேட் வெட்டி விற்ற வருமானத்தில். நார்வே நிதியத்தின் பெயரில் ஓய்வூதியம் என்று இருக்கும், ஆனால் எந்த நார்வேக்காரருக்கும் அதில் தனிக் கணக்குக் கிடையாது. உலகம் முழுவதும் சேர்த்தால் இந்த நிதியங்களின் சொத்து இன்று 10 லட்சம் கோடி டாலருக்கும் மேல்.

உட்லண்ட்ஸ்வாசி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இது வெளிநாட்டுச் செய்தி இல்லை. ஜி.ஐ.சி., டெமாசெக், நாணய ஆணையம் (எங்கள் மத்திய வங்கி) மூன்றின் முதலீட்டு வருவாயில் எதிர்பார்க்கும் பங்கிலிருந்துதான் அரசுச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதி நடக்கிறது. ஆகவே "ஒழுங்குபடுத்து" என்று வெளியிலிருந்து குரல் வந்தால் இங்கே பலருக்கு முதலில் எரிச்சல்தான் வரும்.

ஆனால் 2006ஐ மறக்க முடியாது. அந்த ஜனவரியில் தாய்லாந்துப் பிரதமர் தக்சினின் குடும்பம் வைத்திருந்த, தொலைத்தொடர்புக் குழுமமான ஷின் கார்ப்பரேஷனின் 49.6 விழுக்காட்டை டெமாசெக் தலைமையிலான குழு சுமார் 7,300 கோடி பாட் (தாய்லாந்து நாணயம்) கொடுத்து வாங்கியது. தொலைத்தொடர்பில் அந்நியர் பங்குக்கான உச்சவரம்பை உயர்த்திய சட்டம் நடைமுறைக்கு வந்து சில நாள்களே ஆகியிருந்தன. பிரதமர் குடும்பம் விற்ற பங்குக்கு வரி கட்டவில்லை. பாங்காக் தெருக்களில் மக்கள் திரண்டார்கள், செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆட்சி கவிழ இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பட்டியலில் இது மேலே இருந்தது.

டெமாசெக் அன்றும் இன்றும் சொல்வது: நாங்கள் வணிக நிறுவனம், அன்றாட முடிவில் அரசு தலையிடுவதில்லை. நான் அதை நம்புகிறேன். தாய்லாந்துக்காரர் ஏன் நம்ப வேண்டும்? ஒரே பங்குதாரர் நிதியமைச்சு. இயக்குநர் நியமனத்துக்குக் குடியரசுத் தலைவரின் இசைவு வேண்டும். உள்நாட்டில் எங்களுக்கு அது பாதுகாப்பு. பாங்காக்கிலிருந்து பார்ப்பவருக்கு அது அரசின் முத்திரை.

ஜி.ஐ.சி. ஆண்டறிக்கை வெளியிடுகிறது, ஆனால் கையில் மொத்தம் எவ்வளவு என்று இன்று வரை சொன்னதில்லை. எதிரிக்கு நம் கையிருப்பு தெரியக் கூடாது என்பது அரசின் விளக்கம். வெளிப்படைத்தன்மை வேண்டும் என்பவர்கள் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

ஈப்போ மைந்தன்

பக்கத்து நாட்டிலிருந்து நானும் ஒரு கை. எங்கள் மலேசியாவின் 1எம்டிபி நிதியம் இல்லாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது.

2009இல் தொடங்கினார்கள். பெயருக்கு நாட்டு வளர்ச்சி நிதியம். நிறுவன விதிகளில் 117ஆம் பிரிவு என்று ஒன்று. முக்கிய முடிவுகளுக்குப் பிரதமரின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும். பிரதமர் நஜிப் ரசாக், நிதியமைச்சரும் அவரே, ஆலோசனைக் குழுத் தலைவரும் அவரே. 2012, 2013இல் 650 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் திரட்டிக் கொடுத்த கோல்ட்மேன் சாக்ஸ் சுமார் 60 கோடி டாலர் கட்டணம் வாங்கியது. அந்த அளவுக்குக் கட்டணம் கொடுக்கும் வாடிக்கையாளரைப் பார்த்தால் எந்த வங்கியருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். 450 கோடி டாலருக்கு மேல் சுருட்டப்பட்டது என்கிறது அமெரிக்க நீதித்துறை.

இதைப் பிடித்தது யார் என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன். நாட்டுக்குள் பத்திரிகைகள் எழுதின, தணிக்கைத் துறை பார்த்தது. அறிக்கையை அரசு ரகசியமாக்கினார்கள், கேள்வி கேட்ட துணைப் பிரதமரையும் தலைமை வழக்குரைஞரையும் 2015இல் பதவியிலிருந்து தூக்கினார்கள். வெளியே சிங்கப்பூர் நாணய ஆணையம் 2016இல் பி.எஸ்.ஐ. வங்கியையும் ஃபால்கன் வங்கியின் கிளையையும் மூடியது. சுவிட்சர்லாந்து விசாரித்தது. அமெரிக்கா சொத்துகளை முடக்கியது. 2020இல் கோல்ட்மேன் அமெரிக்கா முதலிய நாடுகளின் அதிகாரிகளுக்கு 290 கோடி டாலருக்கு மேல் கட்டியது. மலேசியாவுக்குத் தனியாக 250 கோடி ரொக்கம், 140 கோடி மீட்டுத் தருவதாக உத்தரவாதம்.

நிதியத்தை யாரும் தொடவில்லை. தொட முடியவில்லை. அதைச் சுற்றி நின்ற வங்கிகளைத் தொட்டார்கள், உள்ளே இருந்தது தானாக வெளியே வந்தது. நெடுங்கணக்கன் அண்ணன் சொல்லும் பதிவுப் படிவத்தை 1எம்டிபி அழகாக நிரப்பிக் கொடுத்திருக்கும்.

தரகுத்தெரு

ஈப்போ நண்பர் சொன்னதுதான் சரியான பாடம். இடைத்தரகரைப் பிடியுங்கள். நான் தரகன், நானே சொல்கிறேன்.

பொதுவான விதி இல்லை என்று பேசுவதும் சரியில்லை. 2008 செப்டம்பரில் சிலியின் சாண்டியாகோவில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் நிதியங்கள் பன்னாட்டு நாணய நிதியத்தின் ஏற்பாட்டில் கூடி 24 கோட்பாடுகளை ஒப்புக்கொண்டன. முதலீட்டு முடிவு நிதி ஆதாயத்தின் அடிப்படையில் இருக்க வேண்டும், வேறு நோக்கம் இருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அரசிடமிருந்து ரகசியத் தகவலோ செல்வாக்கோ பெற்றுத் தனியாரோடு போட்டி போடக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது.

வழக்கறிஞர் அகல்யா

இருக்கிறது. மீறினால் என்ன ஆகும் என்பது மட்டும் இல்லை. அந்த 24உம் தன்னார்வக் கோட்பாடுகள். கடைப்பிடிக்கிறோமா என்று நிதியங்களே தம்மைத் தாமே மதிப்பிட்டுக்கொள்ளும்.

ரகசியத் தகவல் என்றீர்களே, அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை. 2007 டிசம்பரில் அன்றைய அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத் தலைவர் கிறிஸ்டபர் காக்ஸ் ஓர் உரையில் இதை எழுப்பினார். உள்தகவல் வணிகத்தை ஒரு நாட்டில் இருந்துகொண்டு இன்னொரு நாட்டுச் சந்தையில் செய்தால், இரு நாட்டு ஆணையங்களும் தகவல் பரிமாறி ஆளைப் பிடிக்கின்றன. உலகப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு முழுதும் இந்த ஒத்துழைப்பில்தான் ஓடுகிறது. சந்தேகத்துக்கு உள்ளாவது அந்த நாட்டு அரசே என்றால்? தன் முதலாளியின் வங்கிக் கணக்கை அந்த ஆணையம் எடுத்துக் கொடுக்குமா? அன்றைக்கு அவர் கேட்டார். இன்று வரை எந்த உடன்படிக்கையும் இதற்கு விடை எழுதவில்லை.

நான் இங்கே நெடுங்கணக்கன் பக்கம் சாய்கிறேன். பதிவு செய்யும்போதே "உங்கள் சந்தைக் கண்காணிப்பு ஆணையத்துக்கு நேரடியாகக் கணக்குகளைத் திறக்கிறேன், விலக்கு கோர மாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால்தான் பங்கு வாங்கும் உரிமை என்று வைக்கலாம். சட்டப்படி முடியும். அரசு தன் விலக்கைத் தானே விட்டுக்கொடுப்பது கடன் பத்திர ஒப்பந்தங்களில் அன்றாடம் நடப்பது.

நெடுங்கணக்கன்

ஈப்போ மைந்தனுக்கு: 1எம்டிபி திருட்டு. திருட்டுக்குக் காவல் துறை, அதை நீங்கள் சொன்னபடி வங்கி வழியாகப் பிடிக்கலாம். நான் பேசுவது திருடாத நிதியத்தைப் பற்றி. நேர்மையாக நடந்தாலும் அரசின் நிழல் சந்தையைக் கோணலாக்கும்.

சான்று: அபுதாபியைத் தலைமையிடமாகக் கொண்ட 'இ-அண்ட்' தொலைத்தொடர்பு நிறுவனம் செக் நாட்டின் பி.பி.எஃப். டெலிகாம் நிறுவனத்தின் சில ஐரோப்பியப் பிரிவுகளை வாங்க வந்தது. இ-அண்ட் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு எமிரேட்ஸ் முதலீட்டு ஆணையம் என்ற இறையாண்மை நிதியத்தின் கையில். ஐரோப்பிய ஆணையம் புதிய அந்நிய மானிய ஒழுங்குமுறையின் கீழ் விசாரித்தது. அவர்கள் கேட்டது அரசியல் நோக்கத்தைப் பற்றி இல்லை. இந்த நிறுவனத்துக்கு எமிரேட்ஸ் அரசின் வரம்பற்ற உத்தரவாதம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது. அந்நாட்டின் வழக்கமான திவால் சட்டம் அதற்குப் பொருந்தாமல் இருந்தது. திவாலாக முடியாத கம்பெனிக்குக் கடன் மலிவாகக் கிடைக்கும், போட்டியாளருக்குக் கிடைக்காது. 2024 செப்டம்பரில் அனுமதி கொடுத்தார்கள், நிபந்தனையோடு: நிறுவன விதிகளைத் திருத்தி வழக்கமான திவால் சட்டத்துக்கு உட்பட வேண்டும், ஐரோப்பியப் பிரிவுக்குள் பணம் பாய்ச்சக் கூடாது.

நோக்கத்தைத் துழாவாமல் சலுகையை எடைபோட்டார்கள். நிறுவனமும் ஓடிப்போகவில்லை, நிபந்தனையை ஏற்றுக்கொண்டது.

நந்தினி (வரி ஆலோசகர்)

எல்லோரும் அமெரிக்கா, ஐரோப்பா என்கிறீர்கள். இந்தியாவை ஒருவரும் தொடவில்லை.

2020 ஏப்ரல் நினைவிருக்கிறதா? ஹெச்.டி.எஃப்.சி. நிறுவனத்தில் சீன மக்கள் வங்கியின் பங்கு 1.01 விழுக்காடு என்று செய்தி வந்ததும் நாடே கொதித்தது. அது சீனாவின் மத்திய வங்கி, இறையாண்மை நிதியம் இல்லை என்பதை விடுங்கள். முந்தைய ஆண்டே அவர்களிடம் 0.8 விழுக்காடு இருந்தது. 1 விழுக்காட்டைத் தாண்டியதால் பட்டியலில் பெயர் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். சில நாள்களில், ஏப்ரல் 17 அன்று, மூன்றாம் பத்திரிகைக் குறிப்பு வந்தது. நில எல்லையைப் பகிரும் நாடுகளிலிருந்து வரும் நேரடி முதலீட்டுக்கு அரசு அனுமதி கட்டாயம் என்றார்கள். வேடிக்கை என்னவென்றால் சீன வங்கி வாங்கியது நேரடி முதலீடு இல்லை, சந்தையில் வாங்கிய பங்கு. எந்தச் செய்தியால் விதி பிறந்ததோ அந்தச் செய்தியை அந்த விதி தொடவே இல்லை.

அதே 2020இல் மறுபக்கம் கதவைத் திறந்தோம். 1961 வருமான வரிச் சட்டத்தில் 10(23எஃப்இ) என்று புதிய பிரிவு. அறிவிக்கை பெற்ற இறையாண்மை நிதியங்கள் உள்கட்டமைப்பில் போட்டு 3 ஆண்டாவது வைத்திருந்தால் வட்டி, ஈவுத்தொகை, நீண்டகால மூலதன ஆதாயம் எதற்கும் வரி இல்லை. இப்போது 2030 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஏன் இந்தச் சலுகை? அது அயல் அரசின் பணம் என்பதால். சரி. முதலில் எழுதியபோது ஒரு நிபந்தனை இருந்தது: அந்த நிதியம் இந்தியாவிலோ வெளியிலோ வணிகச் செயல் எதிலும் ஈடுபடக் கூடாது. நெடுங்கணக்கன் கேட்கும் கோடு அதுதான். ஒரே ஆண்டில், 2021 நிதிச் சட்டத்தில், அதை எடுத்துவிட்டார்கள். முதலீடு செய்த நிறுவனத்தின் அன்றாட நடவடிக்கையில் பங்கேற்கக் கூடாது என்பது மட்டும் அந்த இடத்தில் வந்தது. இயக்குநரை நியமிக்கலாம், அது பங்கேற்பு ஆகாது.

எனக்கு அந்தத் திருத்தத்தின் மேல் கோபம் இல்லை. பழைய நிபந்தனையை எந்தப் பெரிய நிதியமும் நிறைவேற்றியிருக்க முடியாது, நெடுஞ்சாலைக்கும் மின் கம்பிக்கும் பணம் வேண்டும். ஆனால் கண்டிப்பான கோட்டை வரைந்த நாடே பணத் தேவையால் அதை அழித்தது என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். ஐரோப்பா நிபந்தனை போட்டது, ஏனென்றால் அதனால் முடியும். பணம் தேடி நிற்கும் நாடு என்ன செய்யும்?

உட்லண்ட்ஸ்வாசி

நந்தினி சொன்னதுதான் நிலவரம்.

நோக்கம் பற்றி ஒன்று கேட்கிறேன், தரகுத்தெரு அவர்களிடம். நார்வே நல்ல பிள்ளை என்றீர்கள். 2017இல் பெல் நிறுவனத்தைத் தங்கள் முதலீட்டுப் பட்டியலிலிருந்து விலக்கினார்கள், சுந்தரவனக் காட்டை ஒட்டிய ராம்பால் அனல்மின் நிலையக் காரணத்துக்காக. 2024இல் அதானி துறைமுக நிறுவனத்தை விலக்கினார்கள், மியான்மர் ராணுவத் தொடர்புக்காக. 2025 ஆகஸ்டில் கேட்டர்பில்லரையும் சில இஸ்ரேலிய வங்கிகளையும் விலக்கினார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையே கண்டித்தது. இது அரசியல் இல்லையா?

தரகுத்தெரு

அரசியல்தான். ஆனால் ஏன் விலக்கினோம் என்று அறநெறிக் குழு எழுதிய பரிந்துரையை வெளியிடுகிறார்கள், படித்துவிட்டு நீங்கள் மறுக்கலாம். அந்த ஆகஸ்ட் முடிவுக்குப் பிறகு என்ன நடந்தது என்றும் பாருங்கள். நவம்பரில் அவர்கள் நாடாளுமன்றமே அறநெறி விலக்கல்களை நிறுத்திவைத்து விதிகளை மறுபரிசீலனைக்கு அனுப்பியது. இப்படியே போனால் பெரிய அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனங்களையும் விற்க நேரிடும் என்ற கவலை. உள்நாட்டு அறமும் லாபமும் மோதும் சண்டையை வெளிச்சத்தில் போடுகிறார்கள். ஜி.ஐ.சி.யோ பி.ஐ.எஃப்.போ எந்தப் பங்கை ஏன் விற்றார்கள் என்று நமக்குத் தெரியாது. அறத்துக்காகவும் இருக்கலாம், அடுத்த வாரம் தூதரைத் திரும்ப அழைக்கப் போவதாலும் இருக்கலாம்.

வழக்கறிஞர் அகல்யா

வெகு நாளாகக் கிடப்பில் இருக்கும் யோசனை ஒன்று. 2008இல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் கில்சன், மில்ஹாப்ட் இருவரும் முன்வைத்தது: அயல் அரசின் கையில் இருக்கும் வரை அந்தப் பங்குக்கு வாக்குரிமை உறங்கட்டும், தனியாருக்கு விற்றதும் விழிக்கட்டும். பணம் வரும், ஆதிக்கம் வராது. நோக்கத்தையும் ஆராய வேண்டாம், ஆவணத்தையும் கேட்க வேண்டாம்.

நெடுங்கணக்கன்

படித்திருக்கிறேன், எனக்கு ஒப்பவில்லை. செல்வாக்கு வாக்குச்சீட்டில் வருவதில்லை. நாளை இன்னொரு 500 கோடி போடுவானா என்று தலைமை நிர்வாகி நினைக்கும் நினைப்பில் வருகிறது. 2007இல் சீனா பிளாக்ஸ்டோன் நிறுவனத்தில் 300 கோடி டாலர் போட்டபோது வாக்குரிமை இல்லாமல்தான் வாங்கியது. யாருக்காவது நிம்மதி வந்ததா? தவிர, நார்வே பொதுக்கூட்டங்களில் தலைமை நிர்வாகிகளின் அளவுமீறிய சம்பளத்துக்கு எதிராக வாக்களிக்கிறது. அந்த நல்ல வாக்கும் சேர்ந்து உறங்கிவிடும்.

ஈப்போ மைந்தன்

ஒரு கொசுறு. இத்தனை காலம் மற்றவர்களுக்கு விதி எழுதிய அமெரிக்காவில் 2025 பிப்ரவரியில் டிரம்ப் தங்களுக்கும் ஓர் இறையாண்மை நிதியம் வேண்டும் என்று ஆணையில் கையெழுத்திட்டார். ஆகஸ்டில் இன்டெல் நிறுவனத்தில் அரசு சுமார் 10 விழுக்காடு எடுத்துக்கொண்டது. இனி சிஃபியஸ் அதிகாரி ஒருவர் அபுதாபிக்காரரைப் பார்த்து "அரசு எதற்குப் பங்கு வாங்குகிறது?" என்று எந்த முகத்தோடு கேட்பார்?

நந்தினி (வரி ஆலோசகர்)

கேட்பார், கூச்சமே இல்லாமல். அதனால்தான் எல்லா நாடும் சேர்ந்து உடன்படிக்கை எழுதும் என்று காத்திருக்க வேண்டாம் என்கிறேன். நம் கையில் இருப்பது நான் சொன்ன வரி விலக்குக்கான அறிவிக்கை. ஒவ்வொரு நிதியத்துக்கும் தனித்தனியாக அரசிதழில் வருகிறது, ஒவ்வொன்றிலும் நிபந்தனைகள் எழுதுகிறார்கள். அகல்யா சொன்ன ஒரு வரியை, நம் பங்குச்சந்தை ஆணையமான செபியின் விசாரணையில் இறையாண்மை விலக்கு கோர மாட்டேன் என்பதை, அந்தப் பட்டியலில் சேர்த்தால் போதும். அயல் அரசு என்பதால் வரியை விடுகிறோம், விசாரணையில் மட்டும் அயல் அரசு என்ற பேச்சு எடுபடாது. வரி விலக்கு வேண்டுபவர் கையெழுத்துப் போடுவார்.

தரகுத்தெரு

அல்லது வேறு நாட்டுக்குப் போவார்.

நந்தினி (வரி ஆலோசகர்)

போகட்டும். ஐந்தில் ஒருவர் போனாலும் மீதி நால்வர் யார் என்று தெரிந்துவிடும்.